அக்கா வீட்டில் சார்ஜ் போட்ட போன்

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. காது நன்றாகக் கேட்கும், சொல்வதெல்லாம் புரியும். வாயைத் திறந்தால் வார்த்தை மட்டும் வராது. கடலூரில் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர், "படத்தைக் காட்டிக் கேட்கப் பழக்குங்கம்மா" என்றார். அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற எனக்கு, பிள்ளை பின்னால் படத்தை நீட்டினால் எப்படித் தெரியும்? அதை அவர் சொல்லவில்லை.

நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வீட்டுக்காரர் வாங்கிவந்த பழைய கேமரா போனில் தண்ணீர்ச் சொம்பை வீடியோ எடுத்தேன். எடுக்கும்போதே அக்கா மகளை "தண்ணி வேணும்" என்று சொல்ல வைத்தேன். இப்படியே சோறு, பாத்ரூம், வயிறு வலி, அம்மா, அப்பா. பிள்ளைக்குப் பிள்ளைக் குரல்தான் பொருந்தும் என்று அடம்பிடித்தது நான்தான். கடைசியாக அக்காவை நிறுத்தி எடுத்தோம். பெற்ற தாயையே "பெரியம்மா" என்று கூப்பிட வேண்டியிருந்ததால் அக்கா மகளுக்குச் சிரிப்பு. வீடியோவில் அக்காவும் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறாள்.

போனில் அவை சின்னச் சின்னப் படங்களாக வரிசையாக நிற்கும். மகள் வேண்டியதைப் பார்த்துப் பட்டனை அழுத்துவாள், போன் பேசும். முதல்முறை பின்னாலிருந்து "அம்மா" என்று கேட்டபோது, அது இரவல் குரல் என்பதே மறந்து, "என்னடி கண்ணு" என்று ஓடினேன்.

ஒரே தொல்லை சார்ஜ். என் வீட்டுக்காரர் அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. அக்கா வீட்டுக்காரர் அங்கேயே பர்மனென்ட், டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். எங்கள் பக்கம் கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஊருக்கெல்லாம் கரண்ட் தயாரிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு, சார்ஜரும் கையுமாக அக்கா வீட்டுக்கு நடந்தேன். போனை அங்கே போட்டுவிட்டுக் காய்கறி வாங்கப் போவேன். கூடப் பிறந்தவள் வீடுதானே.

அந்தச் சமயத்தில் அக்கா மகளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பள்ளி ஆண்டு விழாவில் பாட வேண்டியவள். கரகரப்பு விடாததால் வேறு பிள்ளையைப் பாடவைத்துவிட்டார்கள். அக்கா என்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. பாட்டுப் போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் சார்ஜ் போட்ட போனை வாங்கப் போனபோது அக்கா சொன்னாள்: "சார்ஜ் ஏறிகினு இருக்கும்போதே வீடியோ எல்லாம் தானா அழிஞ்சிடுச்சுடி. பழைய போனுதானே."

நம்பினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், ஒன்று மட்டும் இருந்தது: பெரியம்மா. தானாக அழிகிற போனுக்கு அக்கா மேல் மட்டும் அப்படி என்ன பாசம்? திரும்பிப் போய்க் கேட்டேன்.

"ஆமா, நான்தான் அழிச்சேன். எம்பொண்ணு கொரல எடுத்து உம்பொண்ணுக்குக் குடுத்துகினு இருக்கியே, அதான் அவளுக்குத் தொண்ட போச்சு. இனிமே எம்பொண்ணு உம்போனுக்குப் பேசமாட்டா."

"அது ஒண்ண மட்டும் ஏன் விட்ட?"

"அது என்னக் கூப்புடறதாச்சே. மனசு வரல."

வீட்டுப் படியேறாதே என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். கையிலிருந்து போனை வாங்கி, காப்பியும் போட்டுக் கொடுத்து, நான் அந்தப் பக்கம் போனதும் என் பிள்ளை வாயைப் பொத்தினாளே! அவள் மகள் தொண்டை சீக்கிரமே சரியாகிவிட்டது. என் வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

எல்லாவற்றையும் என் குரலில் மறுபடி எடுத்தேன். மகள் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிப் போனைத் தள்ளினாள். அவளுக்கு வேண்டியது அந்தப் பழைய குரல். அது மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வீடியோவில்தான். தண்ணீருக்கும் அதையே அழுத்தினாள், சோற்றுக்கும் அதையே அழுத்தினாள், வயிறு வலித்தாலும் அதையே.

அதை அழித்துவிட எத்தனையோ தடவை போனைக் கையில் எடுத்தேன். அழித்தால் மகளுக்கு அதுவும் இல்லை. அடுப்படியில் நிற்கும்போது பின்னாலிருந்து "பெரியம்மா" என்று கேட்கும். அக்காவைக் கூப்பிடும் அந்தக் குரலுக்கு, "என்னடி கண்ணு" என்று நான் ஓடுவேன்.