கடைசி இடத்து அணியின் கடைசி ஆட்டம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம். அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் எங்கள் அபார்ட்மென்ட்டில் அந்த மாதங்களில் பேசியது டிவி மட்டும்தான். ஜூன் மாதம் ஐந்தாம் மாதக் கர்ப்பம் கலைந்தது. காரணம் ஒன்றும் சொல்ல முடியாது, இப்படியும் நடப்பதுண்டு என்றார் டாக்டர். மயக்கம் தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குழந்தையைப் பார்க்கிறீர்களா என்று நர்ஸ் கேட்டார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

என் கணவர் சில நாள் லீவு போட்டார். பிறகு வேலைக்குப் போகத் தொடங்கினார். நான் டிபெண்டன்ட் விசாவில் வந்தவள், வேலைக்குப் போக முடியாது. கார் ஓட்டவும் தெரியாது. பார்க்க வந்த ஆன்ட்டிகள் பத்தியச் சாப்பாடு கொண்டுவந்தார்கள், யார் யாருக்கெல்லாம் இப்படி நடந்தது என்று சொன்னார்கள். கொஞ்ச நாளில் காலிங் பெல் அடித்தால் கதவைத் திறப்பதையே விட்டுவிட்டேன்.

சாயங்காலம் அவர் வந்ததும் டிவியில் பேஸ்பால் போடுவார். ஆபீஸில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று முன்பே பார்க்க ஆரம்பித்திருந்தார். இப்போது அது வேறு விதத்தில் வசதியாக இருந்தது. மூன்று மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம்.

எங்கள் பக்கத்து அணி தோற்றுக்கொண்டே இருந்தது. கிரிக்கெட் மாதிரி டிரா என்று தப்பிக்கவும் வழி கிடையாது, தினமும் ஆட்டம், அநேகமாகத் தினமும் தோல்வி. விதிகளை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்தே பிடிபட்டது. பகலில் ஆட்டம் இருந்தால் ரேடியோவில் கேட்டேன். ஜூலையில் நன்றாக ஆடிய இரண்டு பேரை வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்று எனக்கு வந்த கோபம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதற்கு முந்தின வாரங்களில் கோபம்கூட வந்ததில்லை.

செப்டம்பரில் சின்ன லீக்கிலிருந்து புதுப் பையன்களைக் கூட்டிவந்தார்கள். அவர்களில் பந்து போடும் பிட்ச்சர் ஒருவன், ஒல்லியாக, காதுகள் விடைத்துக்கொண்டு, பார்க்கக் கல்லூரி மாணவன் மாதிரி இருப்பான். முதல் ஆட்டத்தில் அவன் போட்ட பந்தையெல்லாம் அடித்து நொறுக்கினார்கள். பாதியில் வெளியே எடுத்துவிட்டார்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்ச் மூலையில் உட்கார்ந்திருந்தான். அடுத்த முறை எப்படிப் போடுவான் என்று அந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறை ஜெயித்தான். அதற்குப் பிறகு அணியும் ஜெயிக்கத் தொடங்கியது. ஆனால் சீசன் எப்போதோ கைவிட்டுப் போயிருந்தது. எத்தனை ஜெயித்தாலும் கடைசி இடம்தான்.

"கடைசி மேட்சுக்கு நேர்ல போலாமாங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். ஜூனுக்குப் பிறகு நானாக எதையும் கேட்டதில்லை. "போலாம். டிக்கெட் ஈஸியா கிடைக்கும்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ரயிலில் போனோம். மேல் அடுக்கு முழுக்கக் காலி. கீழே வெயிலில் ஆங்காங்கே கொஞ்சம் பேர். அந்தப் பையன்தான் பந்து போட்டான். கடைசி இன்னிங்ஸில் எங்களுக்கு ஒரே ஒரு ரன் அதிகம். எதிரணியில் இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவர் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. ஆனால் மூன்று பேஸிலும் ரன் எடுக்கக் காத்திருந்த ஆட்கள். அடுத்து வந்தவன் ஓங்கி அடித்தான். போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் கேட்டுத் திறந்தபோது, சுவரோரம் எகிறிப் பிடித்த ஃபீல்டர் பந்தோடு கீழே விழுந்து கிடந்தான்.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். கடைசியாக வந்த அணிக்கு அத்தனை கைதட்டல். ஆட்டக்காரர்கள் வெளியே வந்து தொப்பிகளைக் கூட்டத்துக்குள் வீசினார்கள். முன் வரிசையில் ஒரு பெண்மணி திரும்பி, அடுத்த வருஷம் பாருங்கள் என்று எங்களிடம் சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் என் கணவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. முழங்கையை முட்டியில் ஊன்றி, முகத்தைக் கைகளில் புதைத்திருந்தார்.

கூட்டம் இறங்கிப் போகும்வரை நானும் உட்கார்ந்திருந்தேன். துப்புரவு ஆட்கள் காலிக் கோப்பைகளைக் கூட்டத் தொடங்கியபோதுதான் பேசினார்.

"பொண்ணு," என்றார். "நர்ஸ் என்கிட்ட கொடுத்தாங்க. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"கையில வாங்கினீங்களா?"

"வாங்கினேன். விரல்ல நகம்கூட இருந்துச்சு."

அத்தனை மாதம் அவர் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு ஊழியர் வந்து, மூடும் நேரமாகிவிட்டது என்று மெதுவாகச் சொன்னார்.

அடுத்த வருஷமும் அந்த அணி தோற்றது. அந்தப் பையனுக்குத் தோள்பட்டையில் அடிபட்டு, பிறகு அவன் ஆடவே வரவில்லை. எங்களுக்கும் அதற்குப் பிறகு குழந்தை தங்கவில்லை. ஆனால் அன்று ரயிலில் வீடு வந்து சேரும்வரை அவளைப் பற்றியே பேசினோம். தலைமுடி இருந்ததா என்று கேட்டேன். கொஞ்சம் இருந்தது என்றார்.