கிரைண்டிங் மெஷினுக்கு வைத்த பொட்டு

இரும்புப் பட்டறை நடத்துவதில் பாதி வேலைதான் இரும்போடு. மீதிப் பாதி, வாங்கிய மறுவாரமே பல்லை இளித்த சாமானைத் தூக்கிக்கொண்டு கடைக்காரர் முன்னால் போய் நிற்பது.

ராஜபாளையத்தில் எங்களுடையது சின்னப் பட்டறை. ஜன்னல் கம்பி, கேட், மாடிப்படிக் கைப்பிடி என்று வேலை வரும். வீட்டுக்காரர் வெட்டுவார், வெல்டிங் வைப்பார். நான் அளவெடுக்கப் போவேன், பெயிண்ட் அடிப்பேன், சண்டை போடுவேன். கடைசியாகச் சொன்னது அவருக்கு வரவே வராது. செருப்புக் கடையில் இரண்டையும் இடது காலுக்கே கொடுத்தாலும் "சரி, விடு" என்று போட்டுக்கொண்டு வருகிற ஆள். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அவருடைய இரண்டு கைகளால்தான். அந்தக் கைகளுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று கல்யாணமான புதிதில் நானாகவே எடுத்துக்கொண்டேன்.

சாமான்கள் எல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஜமால் பாய் கடையில். எங்கள் ஊரில் கடை இல்லாமல் இல்லை. பட்டறை ஆரம்பித்தபோது எது வேண்டும், எது வேண்டாம் என்று தன் கடையிலேயே அரைநாள் உட்காரவைத்துச் சொல்லித் தந்தவர் பாய். அந்த முகத்துக்காக இன்றும் ஒயர்கூடையோடு பஸ் ஏறுகிறேன். நீங்களும் ஒரு நல்ல மனுசருக்காக மட்டமான சாமானைச் சுமந்தவர் என்றால், இது உங்கள் கதையும்தான்.

பதினேழாம் நம்பர் ஸ்பேனர்

புது ஸ்பேனர் செட். பளபளவென்று கல்யாணச் சீர்போல டப்பாவில் படுத்திருந்தது. முதல் நாள், முதல் போல்ட். வீட்டுக்காரர் ஒரு அழுத்துதான் அழுத்தினார். போல்ட் அப்படியே இருந்தது, ஸ்பேனர் வாயைப் பிளந்துவிட்டது. "சரி, விடு" என்றார். நான் விடவில்லை.

பாய் மேசையில் அதை வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பெனியைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கடைசியில் என்னை நிமிர்ந்து பார்த்து, ரொம்ப அனுதாபமாகச் சொன்னார்: "ஸ்பேனர் மேல தப்பில்ல தங்கச்சி. போல்ட்டு ரொம்ப இறுக்கமா இருந்திருக்கு."

முப்பதிலிருந்து அறுபது வரை

அடுத்தது அளவு டேப். ஒரே மாதத்தில் முப்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் இருந்த எண்கள் எல்லாம் அழிந்து, அந்த இடம் வெறும் மஞ்சள் ரிப்பனாக ஆகிவிட்டது. ஆலங்குளத்தில் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போனவள், குளியலறை ஜன்னலை முழம் போட்டு அளந்து வந்தேன். கம்பி போய் உட்காரவில்லை. வீட்டுக்காரர் மறுபடி வெட்டி ஒட்டினார். அந்த வீட்டம்மா பார்த்த பார்வையே போதும்.

சூட்டோடு சூடாகப் பாயிடம் போனேன். டேப்பை இழுத்துப் பார்த்தார். விட்டார். மறுபடி இழுத்தார். "அறுபதுக்கு மேல பளிச்சுன்னு இருக்கே தங்கச்சி! அங்கன இருந்து அளந்து, பொறவு கழிச்சுக்கிட்டா என்ன?"

கூடையின் கௌரவம்

இப்படி மாதம் இரண்டு முறையாவது கூடையோடு போய்வந்ததில், அந்த பஸ்ஸின் கண்டக்டருக்கு என் பெயர் தெரியாவிட்டாலும் என் கூடையைத் தெரியும். ஒருநாள் டிரில்லிங் மெஷினின் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்துவிட்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "யக்கா, உங்களுக்கு டிக்கெட் போடுதேன். கூடைக்குப் பேசாம பாஸ் எடுத்துருங்க."

பட்டையும் பொட்டும்

இனிச் சொல்லப்போவதில் எங்கள் பேரிலும் தப்பு உண்டு. மறைக்க விருப்பமில்லை.

போன ஆயுத பூசைக்கு முந்தின வாரம் புதுசாக ஒரு கிரைண்டிங் மெஷின் வாங்கினோம். இரும்பை வெட்டவும் தேய்க்கவும் கையில் பிடித்து ஓட்டுகிற மெஷின். பூசையன்று எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தோம். புதுசு என்பதால் அதற்குத் தனி மரியாதை. வீட்டுக்காரர் திருநீற்றைக் குழைத்து மூன்று பட்டை போட்டார், மேலே தாராளமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். அது நெற்றி இல்லை, மோட்டாருக்குக் காற்று போகிற ஓட்டைகள் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. பத்தாம் நாள் மெஷின் புகைந்து நின்றது.

நான் வீராவேசமாகக் கொண்டுபோய்ப் போட்டேன். பாய் மதுரை சர்வீஸுக்கு அனுப்பினார். அங்கிருந்து போட்டோ வந்தது. மோட்டாரின் கம்பிச் சுருள் முழுக்க மஞ்சளாகச் சந்தனப் பொருக்கு. வாரண்டி கிடையாது என்று எழுதியிருந்தார்கள். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். பாய் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து வேறொரு கம்பெனி மெஷினை எடுத்து, "இத வச்சு ஓட்டுங்க" என்று கூடையில் வைத்தார். நான் தயங்கியதும் சொன்னார்: "வருசா வருசம் உங்க பூசைப் பொரிகடலைய நானும் திங்கேன். பொரி எனக்கு, பழி உங்களுக்கா?"

நிற்காத மெஷின்

அந்தப் புது மெஷினுக்கு ஒரு குணம். சில நேரம் சுவிட்சை அணைத்தாலும் நிற்காது. முதல் வாரமே பார்த்துவிட்டேன். "குடுங்க, கூடையில போடுதேன்" என்றேன். "சரி, விடு ஏட்டி. பிளக்கப் புடுங்குனா நிக்குதுல்ல" என்றார் வீட்டுக்காரர். பிளக் பெட்டியைக் காலுக்குப் பக்கத்தில் வைத்து, கால் கட்டைவிரலால் ஒயரை இழுத்து நிறுத்தப் பழகிக்கொண்டார். அன்றைக்கு நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. சந்தன விவகாரத்துக்குப் பிறகு எந்த முகத்தோடு மறுபடி பாயிடம் போவது என்று கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை நினைத்தால் இப்போதும் என்னையே அறையலாம்போல் இருக்கிறது.

கிருஷ்ணன்கோவிலில் ஒரு டீச்சர் வீட்டுக்குக் கேட் செய்துகொண்டிருந்தோம். மதியம் மூன்று மணி. கேட்டை மேசையில் படுக்கவைத்துத் தேய்த்தவர், மெஷினை அதன் மேலேயே வைத்துவிட்டுக் கால்விரலால் ஒயரை இழுத்தார். இழுத்தது அதே பெட்டியில் சொருகியிருந்த ஃபேன் ஒயரை. நின்றது ஃபேன். மெஷின் ஓடிக்கொண்டே கேட்டின் மேல் நகர்ந்து வந்தது. பதறிப்போய் இடது கையால் பிடிக்கப் போனார். கட்டைவிரலுக்குக் கீழே ஏழு தையல். ஆஸ்பத்திரி பெஞ்சில் நான் வாய்விட்டு அழுதேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் எனக்கு ஆறுதல் சொன்னார்: "நல்லவேளை, கேட்டுல கீறல் விழல."

மூன்றாவது தடவை

மறுநாள் காலை கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, கூடையைத் தானே வாங்கி இறக்கி வைத்தார்.

கடையில் வத்திராயிருப்பு விவசாயி ஒருவர் அதே மெஷினை வாங்கக் கையில் வைத்திருந்தார். பம்புசெட் கொட்டகைக்குக் கம்பி வெட்டவாம். நான் எங்கள் மெஷினை மேசையில் வைத்தேன். வெட்டுகிற தட்டைக் கழற்றிக்கொண்டுதான் வந்திருந்தேன். "பாய், பிளக்கைச் சொருகுங்க" என்றேன். போட்டேன், அணைத்தேன். நின்றது. மறுபடி போட்டு அணைத்தேன். அதுவும் நின்றது. "நிக்குதே தங்கச்சி" என்றார் பாய். மூன்றாவது தடவை அணைத்தேன். நிற்கவில்லை. ரசீதுத் தாள்கள் பறந்தன. "அவருக்கு ஏழு தையல், பாய்" என்றேன்.

பாயே பிளக்கைப் பிடுங்கினார். விவசாயி கையிலிருந்த டப்பாவை மெதுவாக மேசையில் வைத்து, "எனக்குக் கை ரம்பமே போதும்" என்றார். பாய் அலமாரியில் இருந்த மற்ற நாலு டப்பாக்களையும் இறக்கி, உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். பிறகு சொன்னார்: "நீங்க கொண்டாந்த எல்லாத்துக்கும் ஒரு சமாதானம் சொல்லியே பழகிட்டேன். இதுக்குச் சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

பேனா வட்டம்

அந்த ஞாயிற்றுக்கிழமை பாய் முதல்முறையாக எங்கள் பட்டறைக்கு வந்தார். கையில் வேறொரு மெஷின், கொஞ்சம் கனமானது. முதலில் வீட்டுக்காரரின் கையைத் தன் கையில் வாங்கி, தையலை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து மெஷினைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து, இருபது தடவை பார்த்தார். இருபதாவது தடவையும் நின்ற பிறகுதான் எங்களிடம் கொடுத்தார்.

கொடுத்ததைத் திரும்ப வாங்கினார். சட்டைப் பையிலிருந்து பட்டையாக எழுதும் மார்க்கர் பேனாவை எடுத்து, காற்று ஓட்டைகளுக்கு எட்டாத தூரத்தில் கைப்பிடி மேல் ஒரு ரூபாய் அளவுக்கு வட்டம் போட்டார். "ஆயுத பூசைக்குச் சந்தனம் இந்த வட்டத்துக்குள்ளதான். வெளிய ஒரு சொட்டுப் போச்சு, பொறவு நான் கூடைய உள்ள விட மாட்டேன்."

ஓடுவதற்காக இல்லை, அணைத்தால் நிற்பதற்காகத்தான் இந்தக் காலத்து மெஷினுக்குப் பொட்டு வைக்க வேண்டும் என்பது, ஏழு தையல் போட்டு நாங்கள் வாங்கிய ஞானம்.