மாசி போடாத சஹன்

எங்கள் கல்முனைப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் "மீன் போடாத கறி இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் உற்சாகமாகத் தலையாட்டுவார்கள். பருப்பு இருக்கிறது, கத்தரிக்காய் இருக்கிறது, கீரைச் சுண்டல் இருக்கிறது. நம்பி உட்கார்ந்து ஒரு வாய் வைத்ததும் பல்லில் ஏதோ கடிபடும். மாசி! போய்க் கேட்டால், "மீன் இல்லயே, மாசிதானே" என்பார்கள். அவித்து, காயவைத்து, கல்லாய்ப் போன மீனை இடித்துப் போட்டுவிட்டு அதை மீனே இல்லை என்று சாதிக்க எங்கள் ஆட்களால்தான் முடியும். பொய் சொல்கிறார்கள் என்றில்லை. உப்பைப்போல, கறிவேப்பிலையைப்போல, மாசியும் அவர்களுக்கு ஒரு கறிச்சாமான்.

இறைச்சி, மீன், முட்டை, பால், தயிர் எல்லாவற்றையும் நான் விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. முதலில் வயிறு சொன்னது, பிறகு மனசும் சொன்னது. "அல்லாஹ் ஹலாலாக்கினத நீ ஹராமாக்குறியா?" என்று கேட்டவர்களிடம் எல்லாம், "ஹராமெண்டு ஆரு சொன்ன? எனக்கு வேணாம், அவ்வளவுதான்" என்று சண்டை பிடித்திருக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் வாயைக் கட்டி வாழ்கிறவள் இல்லை. நல்ல சாப்பாட்டுக்காக எவ்வளவு தூரமும் போவேன். வெளியூருக்குப் போனால் அந்த ஊர்ச் சாப்பாட்டில் எனக்கென்று ஒன்றைக் கண்டுபிடிக்காமல் திரும்புவதில்லை. கண்டுபிடித்துவிட்டால் எனக்குப் பெருநாள்தான்.

வீட்டில் இதனால் பாதிக்கப்பட்டது என் அக்கா; நாங்கள் ராத்தா என்போம். எங்கள் கலியாண வீடுகளில் சாப்பாடு சஹனில்தான். பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் குவித்து, நடுவில் கறிகளை வைத்து, ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடுவோம். கூப்பிட்டும் ஒருத்தி அந்த வட்டத்தில் உட்காரவில்லை என்றால் ஒன்று அவளுக்குச் சுகமில்லை, அல்லது அவளுக்கும் வீட்டுக்காரருக்கும் கோபம். ஒரு கலியாணத்தில் நான் தனியாக ஒரு கோப்பையில் வெறுஞ்சோறும் வாழைப்பழமும் வைத்துத் தின்றேன். "தங்கச்சியோட என்ன கோவம்?" என்று ஊரே ராத்தாவைக் கேட்டிருக்கிறது. அவள் பல நாள் என்னோடு கதைக்கவில்லை.

இப்போது அவளுடைய ஒரே மகனுக்குப் பொத்துவிலில் கலியாணம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ்வான். அதனால் ராத்தாவுக்கு இது மகனை அனுப்பிவைக்கும் கலியாணம். நாள் குறித்த அன்றே என்னிடம் சொல்லிவிட்டாள்.

"என்ட சஹன்ல, எனக்குப் பக்கத்தில நீ இருக்கணும். போன முறை போலப் புறம்பாக் குந்துறண்டா, கலியாணத்துக்கே வராத."

பெண் வீட்டைப் பார்த்து வர நாங்கள் இருவரும் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறினோம். தம்பிலுவிலில் டயர் காற்றுப் போய் பஸ் நின்றது. மற்றவர்கள் எல்லோரும் முணுமுணுத்தார்கள். எனக்கோ துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது, ஏனென்றால் பாதையின் அந்தப் பக்கம் ஒரு சின்னத் தோசைக்கடை! வெள்ளிக்கிழமை, சைவக்கடை, மாசி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அங்கே வேறொரு கண்ணி உண்டு. எங்கள் கடையில் மாசி என்றால் அவர்கள் கடையில் நெய்.

"அக்கா, நெய் விடாமச் சுட்டுத் தருவீங்களா? சட்னில தயிர் இரிக்கா?"

கல்லுக்கு முன்னால் நின்ற அம்மா என்னையும் என் முக்காட்டையும் ஒருமுறை பார்த்தார். "தயிர் இல்ல. நல்லெண்ணெயில சுட்டுத் தாறன், தங்கச்சி. விரதமா?"

"இல்லக்கா, எண்டைக்கும் இப்பிடித்தான்."

"அப்ப எங்கள விடப் பெரிய சைவமெல்லோ!" என்று சிரித்தார்.

விளிம்பு முறுகி, நடு மெத்தென்று, எண்ணெய் மணக்க மணக்கத் தோசை வந்தது. கூடவே செத்தல் மிளகாய் போட்டு அரைத்த தேங்காய்ச் சட்னி. ஒன்று, இன்னொன்று என்று தின்றுகொண்டே இருந்தேன். டயர் மாற்றி முடித்த சாரதி ஹோர்ன் அடித்து அடித்து அலுத்துப்போனார். ராத்தா பஸ் படியில் நின்று கையை ஆட்டினாள். நான் கடைசித் தோசையைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி ஓடிப்போய் ஏறினேன்.

"ஊரெல்லாம் நெய்யும் மாசியும் கேட்டுக்கொண்டு திரியிறாய். மானம் போகுது," என்றாள். அப்படிச் சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த தோசையில் பாதியைப் பிய்த்தாள்.

பொத்துவிலில் பெண் வீட்டார் எங்களை அன்பால் மூழ்கடித்தார்கள். மீன் கட்லட், முட்டை ரோல்ஸ், முட்டை அடித்து அவித்த வட்டிலப்பம். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே ராத்தா முந்திக்கொண்டாள். "அவக்கு வயித்துக்குச் சுகமில்ல." என் வயிறு கல்லைத் தின்றாலும் கரைத்துவிடும்! பால் விடாத சாயத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். திரும்பும் பஸ்ஸில்தான் வெடித்தேன்.

"ஏன் பொய் சொன்னீங்க? உள்ளதச் சொன்னா என்ன?"

"புதுச் சம்பந்தத்தில, 'இவ உங்கட சாப்பாட்டத் தொடமாட்டா' எண்டு எந்த வாயால சொல்ற? அவங்க என்ன நினைப்பாங்க? கலியாணத்தண்டைக்கி என்ன செய்யிறெண்டு நீயே யோசி."

அதற்குப் பிறகு கோமாரி, திருக்கோவில் எல்லாம் தாண்டும்வரை அவள் ஜன்னல் பக்கமும் நான் மறுபக்கமும் பார்த்துக்கொண்டு வந்தோம்.

அக்கரைப்பற்றில் பஸ் மாற இறங்கியபோது மஃரிப் தொழுகை முடிந்திருந்தது. ஒரு கடையில் கொத்து ரொட்டி அடிக்கும் சத்தம் தடதடவென்று கேட்டது. கோபம் ஒரு பக்கம், பசி ஒரு பக்கம். நேரே போய்க் கல்லுக்கு முன்னால் நின்றேன்.

"காக்கா, முட்டை, இறைச்சி, மேல ஊத்துற ஆணம் ஒண்டும் வேணாம். மாசியும் வேணாம். மரக்கறி மட்டும் போட்டு ஒரு கொத்து அடிக்க ஏலுமா?"

"அப்ப என்னத்தத்தான் போடுற மகள்? முட்டை இல்லாட்டி ஒட்டாதே."

"ஒட்டாட்டி உதிரியாத் தாங்க."

அவருக்கு ரோசம் வந்துவிட்டது. லீக்ஸ், கரட், கோவா, பச்சை மிளகாய், கைநிறையக் கறிவேப்பிலை எல்லாவற்றையும் சூடான கல்லில் வாரிப் போட்டார். ரொட்டியைக் கிழித்துப் போட்டு அடித்தார். பிறகு கொஞ்சம் நின்று யோசித்தார். தேங்காய்ப்பாலில் மிளகுத்தூளைக் கரைத்து மேலே ஊற்றி மறுபடியும் அடித்தார். கடைசியில் தேசிக்காயைப் பிழிந்தார். யா அல்லாஹ், என்ன ஒரு கொத்து! காரமும் புளிப்பும் பாலும் சேர்ந்து, அடியில் கொஞ்சம் கருகி, நான் மேசையில் தட்டித் தட்டித் தின்றேன். அவரும் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுவிட்டு, "நல்லாத்தான் இரிக்கி," என்று ஆச்சரியப்பட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்த ராத்தா மெல்லத் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். பஸ் வரும்வரை தின்றாள்.

கலியாணத்தன்று என் கைப்பைக்குள் ஒரு டப்பா இருந்தது. வெண்டைக்காய்ப் பொரியலும் பருப்பும். ராத்தாவின் சஹனில் உட்காருவது, வெறுஞ்சோற்றை என் பக்கம் ஒதுக்குவது, டப்பாவை முக்காட்டுக்குள் மறைத்துத் திறந்து சமாளிப்பது. இதுதான் என் திட்டம். கண்டுபிடித்தால் மானம் போகும் என்று எனக்கும் தெரியும். வேனில் போகும்போதெல்லாம் டப்பா கசிந்துவிடக் கூடாதே என்று கைப்பையை மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தேன்.

பெண்கள் பக்கத்தில் பாய் விரித்துச் சஹன்கள் வரிசையாக வந்தன. எல்லாவற்றிலும் மாட்டிறைச்சியும் கோழியும் மணந்தன. பெண்ணின் உம்மா எங்களை ஒரு பாய்க்குக் கூட்டிப்போனா. ராத்தா, நான், எங்கள் சொந்தப் பெண்கள் நாலு பேர். மூடியைத் திறந்தா.

முழு முழு முந்திரியாய்க் கஜுக்கறி. இறைச்சிச் சரக்கெல்லாம் போட்டுக் கறுப்பாய்ச் சுண்டவைத்த பிஞ்சுப் பலாக்காய். கத்தரிக்காய்ப் பொரியல். அன்னாசி அச்சாறு. பப்படம். ஒரு சிவந்த சம்பல். கண்ணால் தேடித் தேடிப் பார்த்தேன், இறைச்சி ஒரு துண்டுகூட இல்லை! எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. எங்களோடு இருந்த நாலு பேரின் முகத்தையும் பார்க்க முடியவில்லை. "என்னகா, இறைச்சி எங்க?" என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் காதில் கேட்டது எனக்கே கேட்டது.

"மாப்பிள்ளட சாச்சி மீன், இறைச்சி தின்னமாட்டா எண்டு மச்சி கோல் பண்ணிச் சொன்னா," என்றா பெண்ணின் உம்மா, ராத்தாவைக் காட்டி. "அதான் இந்தச் சஹன் முழுக்க அவக்கு ஏத்தாப்போல."

ராத்தாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் பிஸ்மி சொல்லிக் கையை நீட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"மச்சி, மாசி போட்ட?" என்று கேட்டாள். அத்தனை பெண்களுக்கு முன்னால், புதுச் சம்பந்தியிடம், சத்தமாக.

"மீன் ஒண்டுமே போடல்ல மச்சி. சம்பலுக்கு மட்டும் மணத்துக்கு ரெண்டு துண்டு மாசி..."

"இவக்கு மாசியும் மீன்தான்." சம்பல் கோப்பையைத் தூக்கிப் பாய்க்கு வெளியே வைத்தாள். "சோத்துக்கு நெய் விட்ட?"

"இல்ல, தேங்காயெண்ண."

அதோடும் அவள் விடவில்லை. ஒவ்வொரு கறியிலும் ஒரு துளி எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றாள். பெண்ணின் உம்மா பரீட்சை எழுதிய பிள்ளை போலப் பார்த்துக்கொண்டு நின்றா. கடைசியாக அச்சாற்றையும் ருசி பார்த்துவிட்டு ராத்தா என் கையை விட்டாள்.

"ஒண்டிலயும் இல்ல. தின்னு."

ஆண்கள் பக்கத்தில் மாப்பிள்ளையை வைத்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது. ராத்தா அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு பலாக்காயில் ஒரு நல்ல துண்டை எடுத்து என் பக்கத்துச் சோற்றில் வைத்தாள்.

"அவன் இண்டையிலிருந்து இஞ்சதான் தின்னப்போறான்," என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "நீயாச்சும் என்ட பக்கத்தில இருந்து தின்னு."

பலாக்காய் வெண்ணெயாய்க் கரைந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, காரத்தால் இல்லை. "ராத்தா, இந்த ருசி இறைச்சிக்கும் இல்ல," என்று நான் சத்தமாகவே சொன்னேன். இறைச்சி தேடிய அந்த நாலு பேரும் அதற்குள் பலாக்காய்க் கோப்பையை அரைவாசி காலி செய்திருந்தார்கள்.