பூஜையில் வைத்த ஆனைப் புத்தகம்

நாள் தவறாமல் நோட்டில் எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு. ஒரு நாளுக்கு ஐந்தாறு வரி. மழை பெய்ததா, யார் வந்தார்கள், என்ன சமைத்தோம், பிள்ளைகள் என்ன சொன்னார்கள். என் மனைவி குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போன பிறகு அந்த நோட்டுக்கு வேறொரு பயனும் வந்தது. ஞாயிறு தோறும் அந்த வாரத்துப் பக்கங்களை அவளுக்குப் போனில் வாசித்துக் காட்டுவேன். இளையவள் பிடிக்காமல் நடந்த நாள், மூத்தவளுக்குப் பல் விழுந்த நாள், இருவரும் சேர்ந்து ஜுரத்தில் படுத்த வாரம், எல்லாம் அவள் அப்படிக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

போன புரட்டாசியில் அந்த நோட்டில் ஒரு இடைவெளி விழுந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் தொடங்கி வியாழக்கிழமை காலை வரை, அதாவது இரண்டு முழு நாளும் இரண்டு அரை நாளும், ஒரு வரி கூட இல்லை. அந்த நாட்களை இப்போது ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன். மணி நேரத்தை நான் சொன்னால் யாரும் நம்ப வேண்டாம்.

மனைவி பள்ளிக்கூடத்துக் காலாண்டு விடுமுறைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை காலையில் வந்தாள். அடுத்த சனிக்கிழமை திரும்ப வேண்டும். ஒன்பது நாள்தான் விடுப்பு. ஓணத்துக்கும் கேட்கவில்லை, பொங்கலுக்கும் கேட்கவில்லை, விஜயதசமி வரும்படி பார்த்து வாங்கியிருந்தாள். இளையவளுக்கு அன்று ஏடு தொடங்க வேண்டும். தட்டில் பச்சரிசியைப் பரப்பி, பிள்ளையை மடியில் இருத்தி, விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைப்பது. மூத்தவள் ஐந்து வருஷம் முன்னால் இதே கோயிலில் அம்மாவின் மடியில் உட்கார்ந்து எழுதினாள். "இவளுக்கும் என் மடியிலதான் வேணும்" என்று மனைவி ஆடி மாதத்திலேயே சொல்லிவிட்டாள்.

ஆனால் அவள் குவைத்துக்குப் போகும்போது இளையவளுக்கு வயது பதினொரு மாதம். இப்போது மூன்றும் சில மாதமும். இடையில் ஒரே ஒரு தடவைதான் அம்மா வந்து போயிருக்கிறாள். வெள்ளிக்கிழமை முழுவதும் இளையவள் என் காலைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றாள். அம்மா கையை நீட்டினால் முகத்தை என் வேட்டியில் புதைத்துக்கொண்டாள். மத்தியானம் போல என் போனை எடுத்துக்கொண்டு வந்து, "அம்மாவுக்குப் போடு" என்றாள். அம்மா நாலடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

மனைவி எழுந்து அடுக்களைக்குப் போனாள். பாத்திரம் தேய்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். பிள்ளைக்காக நம்பரைப் போட்டேன், அவளுடைய போன் அங்கே அடித்தது. எடுத்து, "மக்களே, சோறு தின்னியா?" என்று கேட்டாள். இளையவள் முகமெல்லாம் சிரிப்பாகி, கூடத்தில் நின்றுகொண்டே அடுக்களையில் இருக்கும் அம்மாவிடம் கால் மணி நேரம் பேசினாள். சனியும் ஞாயிறும் அப்படியே போயின. ஒரே வீட்டுக்குள் தாயும் மகளும் போனில் பேசினார்கள்.

பக்கத்து வீட்டில் இருக்கும் என் அக்கா இதைப் பார்த்துவிட்டு, "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. கரண்டு போனா உனக்கு மக இல்ல" என்றாள்.

"சார்ஜ் போட்டு வச்சிருக்கேன் மைனி" என்றாள் மனைவி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் ஞாயிறு இரவு என்னிடம், "மடியில இருக்காம அழுதா, நீங்களே வச்சிருங்க. பிள்ளைய அழ வச்சு எழுத வைக்காண்டாம்" என்றாள்.

எங்கள் வீட்டில் அஷ்டமி அந்தியில் புத்தகங்களைப் பூஜைக்கு வைப்போம். தசமி காலையில்தான் எடுப்போம். மற்ற ஊர்களில் நவமி ஒரு நாளோடு முடிந்துவிடுகிறது. முன்பு கேரளத்தோடு சேர்ந்திருந்த இந்தப் பக்கத்தில் அந்த வழக்கம் இன்னும் விட்டுப் போகவில்லை. பூஜை எடுக்கும் வரை வாசிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. நான் சின்ன வயதில் கணக்குப் புத்தகத்தை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்து, எடுக்கும்போது கடைசியாக எடுப்பேன். எட்டு வயதாகும் என் மூத்தவள் வேறு ஜாதி. அவளுக்குச் சட்டம் என்றால் சட்டம்.

திங்கள் சாயங்காலம் அவள் பலகை போட்டு, பட்டு விரித்து, தன் பாடப் புத்தகங்களை அடுக்கினாள். பிறகு வீடு முழுவதும் சுற்றி வந்தாள். பஞ்சாங்கம் போனது. சமையல் குறிப்பு நோட்டு போனது. என் மேசையில் பாதி வாசித்துக் கிடந்த மூன்று புத்தகங்கள் போயின. என் நாள்நோட்டும் பேனாவும் போயின.

"மக்களே, அத மட்டும் விடு. அப்பா தெனமும் எழுதணும்லா."

"எழுதப் பிடாதுன்னா எழுதப் பிடாது. அப்பாவுக்கு மட்டும் தனி சாமியா?"

அடுத்து இளையவளின் ஆனைப் புத்தகத்தை எடுத்தாள். கெட்டி அட்டையில் பன்னிரண்டு பக்கம். ஒரு ஆனை வாழைக்குலை தேடிப் போகிற கதை. போன சித்திரையில் நான் வாங்கியது. அதை வாசித்தால்தான் இளையவளின் வாய் சோற்றுக்குத் திறக்கும். அதுவும் பலகையில் ஏறியது. கடைசியாக அம்மாவின் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"போன் தாருங்க. அதிலயும் எழுத்து உண்டு."

மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் போன் போனால் இளையவளோடு பேச வேறு வழி இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். என் போனை அவசரத்துக்கு என்று மூத்தவள் விட்டுவைத்தாள், பேசலாம், வாசிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. மனைவி கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்திருந்தாள். பிறகு அணைத்துக் கொடுத்தாள். மூத்தவள் எல்லாவற்றுக்கும் சந்தனம் தொட்டு வைத்து, மேலே ஒரு சீப்பு மட்டிப்பழத்தை வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் இளையவள் வழக்கம்போல் என் போனைக் கொண்டுவந்தாள். அம்மாவுக்குப் போட்டேன். அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டேன். "அம்மா எடுக்கல" என்று சொல்லிவிட்டுத் தூணைச் சுற்றி நடந்தாள். எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். கிட்டே போகவில்லை.

மத்தியானம் சோற்று நேரம் வந்தது. பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்த கிண்ணத்தோடு நான் உட்கார்ந்தேன். மனைவி கொஞ்சம் தள்ளித் தரையில் இருந்தாள். இளையவள் வாயை இறுக மூடிக்கொண்டு, "புக்கு" என்றாள்.

"புக்கு சாமிகிட்ட இருக்கு" என்றாள் மூத்தவள்.

எனக்கு அந்தப் புத்தகம் தலைகீழாகத் தெரியும். ஐந்து மாதமாக ஒரு நாளைக்கு இரண்டு வேளை வாசித்தவன். சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒரு ஊரில் ஒரு ஆனை இருந்தது" என்று தொடங்கினேன்.

"அப்பா, அது வாசிக்கதுதான். கண்ண மூடிட்டு வாசிக்கீங்க."

"ஏட்டி, பிள்ளை சோறு திங்காண்டாமா?"

"அப்பம் வேற கதை சொல்லுங்க."

வேறு கதை இளையவளுக்கு ஆகாது. வாய் இன்னும் இறுகியது. அப்போதுதான் மனைவி கேட்டாள். "எனக்கு அந்த ஆனைய தெரியாதே. அது எங்க போச்சு?"

உபாயமாகக் கேட்டது அல்ல. உண்மையிலேயே அவளுக்குத் தெரியாது. அவள் போன பிறகு வாங்கிய புத்தகம். இளையவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஆனைக் கதை தெரியாத ஒரு ஆள் இருக்க முடியும் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும்.

"குலை தேடிப் போச்சு" என்றாள்.

"யாருகிட்ட கேட்டுச்சு?"

"காக்காகிட்ட."

"காக்கா குடுத்துதா?"

"இல்லா. காக்கா பறந்து போச்சு."

நான் ஒரு கவளம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், கண் அம்மாவின் மேலேயே இருந்தது. "பின்ன ஆட்டுகிட்ட கேட்டுச்சு" என்று மென்றுகொண்டே நகர்ந்தாள். ஆடு எப்படித் தலையை ஆட்டும் என்று காட்டுவதற்கு இன்னும் கொஞ்சம் நகர வேண்டியிருந்தது. மனைவி ஆட்டைத் தவறாகச் செய்தாள். "அப்படி இல்ல, இப்படி" என்று இளையவள் அம்மாவின் தலையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக் காட்டினாள். மனைவி அசையாமல் இருந்தாள். நான் கிண்ணத்தை மெதுவாக அவள் பக்கம் தள்ளினேன்.

"ஆனை அழுதுதா?"

இளையவள் யோசித்தாள். "அழல. வயிறு வலிச்சு."

"புக்கில வயிறு வலி இல்ல" என்றாள் மூத்தவள்.

"நீ சும்மா இரி மக்களே" என்றேன்.

கிண்ணம் காலியானபோது இளையவள் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்பதுதான் பிறகு வழக்கானது. அம்மாவின் முட்டின் மேல் சாய்ந்திருந்தாள் என்று நான் நினைக்கிறேன். ராத்திரி நோட்டு இருந்திருந்தால் எழுதியிருப்பேன். ராத்திரிச் சோற்றுக்கும் அவள் அம்மாவைத்தான் கூப்பிட்டாள். ஆனை மறுபடியும் போனது, இந்தத் தடவை தவளையோடு சண்டையும் போட்டது. என்னை யாரும் தேடவில்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. தினமும் இரண்டு வேளை வாசித்தவன் நான்.

புதன்கிழமை சரஸ்வதி பூஜை. காலையில் அவலும் பொரியும் சுண்டலும் படைத்துவிட்டு, பத்து மணி வாக்கில் ஆட்டோ பிடித்துக் கடலோரத்து வட்டக்கோட்டைக்குப் போனோம். எங்கள் ஊரான கொட்டாரத்திலிருந்து அதிக தூரம் இல்லை. மூத்தவள் வழியெல்லாம் என் முகத்தையே கவனித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, அந்த போர்டை வாசிச்சீங்க."

"நான் பாக்கத்தான் செய்தேன்."

"கண்ணு இங்கயிருந்து அங்க போச்சு. நான் பாத்தேன்."

கோட்டை வாசலில் தொல்லியல் துறையின் பலகை இருந்தது. அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கோட்டையின் கதையை மனைவிக்குச் சொன்னேன். மூத்தவள் குறுக்கே வந்து, "இது வாசிச்சது இல்லியா?" என்றாள்.

"போன வருஷம் வாசிச்சது."

"அப்பம் செரி."

மேலே ஏறுகிற சரிவில் பாதி வழியில் இளையவளுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. நின்று இரண்டு கையையும் தூக்கினாள். நான் குனிந்தேன். அவள் என்னைச் சுற்றிக்கொண்டு போய் அம்மாவின் முன்னால் நின்றாள். மனைவி தூக்கிக்கொண்டு மேலே போனாள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, நல்ல காற்று. நெடுநேரம் அவளை இறக்கிவிடவே இல்லை. கை வலிக்கவில்லையா என்று கேட்டேன். "நாப்பது பெட்டுள்ள வார்டில நிக்கவளாக்கும் நான்" என்றாள்.

வியாழக்கிழமை விஜயதசமி. காந்தி ஜெயந்தியும் அன்றுதான் வந்தது. விடிந்ததும் பூஜை எடுத்தோம். மூத்தவள் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு வரி வாசித்து வைத்தாள். அம்மாவின் போனையும் முறைப்படி ஒரு வரி வாசித்துவிட்டே கொடுத்தாள். பிறகு கோயிலுக்குப் போனோம். ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார் ஏடு தொடங்கி வைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் ஏழு பிள்ளைகள். அதில் நான்கு பேர் அழுதார்கள். மனைவி ஒவ்வொரு அழுகைக்கும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எங்கள் முறை வந்தது. மனைவி சம்மணமிட்டு உட்கார்ந்தாள். இளையவள் பாயையும் அரிசியையும் வாத்தியாரின் மீசையையும் பார்த்தாள். பிறகு திரும்பி, பின்பக்கமாகவே வந்து மடியில் பொத்தென்று உட்கார்ந்தாள். வாத்தியார் விரலைப் பிடித்து அரிசியில் அகரம் எழுத வைத்தார். எழுதும்போது அண்ணாந்து அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததால், தான் எழுதிய எழுத்தை அவள் பார்க்கவில்லை.

"முடிஞ்சுது மக்களே, எழும்பு" என்றார் வாத்தியார்.

எழும்பவில்லை. பின்னால் ஒருவர் தன் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "பிள்ளைக்கு இன்னொரு எழுத்து வேணும் போல" என்றார். வாத்தியார் இன்னொரு எழுத்தும் எழுதி வைத்தார். அதற்கும் எழும்பவில்லை. கடைசியில் மடியோடு சேர்த்துத்தான் மனைவி எழுந்தாள்.

வீட்டுக்கு வந்து நோட்டை விரித்தேன். "என்னைக்காக்கும் இவ முதல்ல உன்கிட்ட வந்தது?" என்று கேட்டேன்.

"செவ்வாக்கிழமை. சோறு திங்கும்போ" என்றாள் மனைவி.

"இல்ல. நேத்து கோட்டையில" என்றாள் மூத்தவள். "செவ்வாக்கிழமை சாஞ்சா. சாஞ்சது கணக்கில்ல."

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். மனைவி சொன்னாள்: "இஞ்சேருங்க, எனக்கு வாசிச்சுக் காட்டத்தானே எழுதுவீங்க. இந்த மூணு நாளும் நான்தான் இருந்தேனே."

அதனால் அந்தப் பக்கத்தில் இரண்டு நாளையும் போடவில்லை. வியாழன் காலை, கோயில், மடியில் இருந்து எழுதினாள், எழும்ப மறுத்தாள் என்று மட்டும் இருக்கிறது.

சனிக்கிழமை மனைவி புறப்படும்போது இளையவள் அழுதாள். அம்மா வந்த அன்று என் வேட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டவள்தான். மனைவி அதை ஒரு நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டாள் என்று திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து போனில் பேசியபோது தெரிந்தது. ஆனைப் புத்தகத்தை அவள் கடைசி வரை திறந்து பார்க்கவில்லை. புறப்படுவதற்கு முந்தின நாள் மூத்தவள் கொண்டுவந்து நீட்டியபோதும், "எனக்கு வேண்டாம். வாசிச்சா கதை எனக்குத் தெரிஞ்சு போவும்லா. பெறவு இவகிட்ட எத கேக்க?" என்றாள்.

இப்போது மத்தியானச் சோற்றுக்கு வீடியோவில் வருகிறாள். நான் அலுவலகத்தில் இருப்பேன், அக்காதான் ஊட்டுகிறாள். ஆனை நேற்று பஸ்ஸில் ஏறிக் கோட்டைக்குப் போனதாம். அக்கா சொல்லி, நோட்டில் எழுதிக்கொண்டேன்.