அந்தோணி அண்ணன் நட்ட அம்மன்

அலைபேசியில் அந்தோணி அண்ணனின் பெயரைப் பார்த்ததும் வழக்கம்போல் எரிந்து விழுந்தேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. "நேத்து பூரா போன் எடுக்காம எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்று அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தினேன். பதில் சொன்னது அவருடைய மகள். "அப்பா காலைல எறந்துட்டாரு மேடம். நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள..." என்றாள். கேட் திறந்தும் நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் திட்டினார்கள். அவர் இருந்திருந்தால் இறங்கிப் போய்ப் பதிலுக்குத் திட்டியிருப்பார்.

ராயபுரத்துக்காரர், பொக்லைன் ஓட்டுநர். எங்கள் சைட்டில் அவர் கூட வேலை செய்த உங்களுக்கு அவர் குரலை நினைவூட்ட வேண்டியதில்லை. இயந்திரச் சத்தத்துக்கும் மேலே அதுதான் கேட்கும். திருவொற்றியூரில் மூடிக்கிடந்த ஒரு பெயிண்ட் தொழிற்சாலையை இடித்துக் குடியிருப்பு கட்டும் வேலையில் மண் வேலை என் பொறுப்பு. பழைய அஸ்திவாரத்தை உடைத்து அங்கேயே பள்ளங்களை நிரப்ப வேண்டும், நல்ல மண் வெளியே போகக் கூடாது, எண்ணெயும் சாயமும் ஊறிய கறுப்பு மண்ணைத் தனியே குவித்துச் சுத்திகரிக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். நான் ஆய்வக அறிக்கைக்குக் காத்திருப்பேன். அவர் ஒரு பிடி மண்ணைக் கேபினுக்குள் கொண்டுபோய் மோந்து பார்த்து, "இது கலீஜ், அந்தாண்ட போடு" என்று தனக்குத் தானே உத்தரவிடுவார். அறிக்கையும் அதையேதான் சொல்லும். ஒரே ஒருமுறை தவறினார். அன்று கேபினுக்குள் அவருடைய கருவாட்டுக் குழம்பு திறந்து கிடந்தது.

சுத்திகரிப்புக்கான அனுமதி தாமதமாகிக்கொண்டே போனது. பொறுமை இழந்த மேனேஜர், "நாளைக்குக் காலைல ஏழு டிப்பர் வருது. காத்திவாக்கம் ஆத்தோரமாப் பள்ளம் இருக்கு, கொட்டிட்டு வந்துடுங்க" என்றார். நான் கண்டித்து மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். அந்தோணி அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தப் படிச்சி முடிக்கறதுக்குள்ள மண்ணு போய்ச் சேந்துடும் மேடம்" என்றார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "என் தங்கச்சி காத்திவாக்கத்துல வாக்கப்பட்டுக் கீது. இடுப்பளவு தண்ணில நின்னுகினு கையால எறா புடிக்குது. நானே இத்த அள்ளி அங்க அனுப்பிட்டு, எந்த மூஞ்சோட அது வூட்ல சோறு துன்றது? மாட்டேன்னா வேற ஆள வெச்சி அள்ளுவாங்க, என் சீட்டும் கிழியும். மண்ண அனுப்புறது சுளுவு மேடம். யார் வூட்டாண்ட போவுதுன்னு கேட்டுட்டு அனுப்பணும்."

மறுநாள் காலை கறுப்பு மண் குவியலின் உச்சியில் ஒரு வேப்பங்கிளை நின்றது. அதன் அடியில் அஸ்திவாரத்துச் செங்கல் ஒன்று, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நாலு எலுமிச்சம்பழத்தோடு. ஏழு டிரைவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். கத்திக்கொண்டே வந்த மேனேஜர், ஹெல்மெட்டைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். டிப்பர்கள் காலியாகத் திரும்பின. அந்தோணி அண்ணன் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் என்பதால் யாருக்கும் அவர்மேல் சந்தேகமே வரவில்லை. நான் மட்டும் ஓரமாக அழைத்துக் கேட்டேன். "மாதாகிட்ட சொல்லிட்டுத்தான் செஞ்சேன் மேடம். அவங்க ஒண்ணும் சொல்லல" என்றார்.

வினை அதற்கப்புறம்தான் வந்தது. ஆடி பிறந்ததும் தெருப் பெண்கள் கூழ்ப் பானையோடு வந்துவிட்டார்கள். ஒருவழியாக அனுமதி கிடைத்துச் சுத்திகரிப்பு லாரி வந்தபோது, குவியலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். "ஆத்தாள எங்க இட்டுகினு போற?" என்று ஒரு மீன்காரம்மா இடுப்பில் கைவைத்து நின்றார். தான் நட்ட அம்மனிடம் தானே மாட்டிக்கொண்ட அந்தோணி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். கடைசியில் அவரே முன்னால் போய், "இன்னாம்மா, எண்ண மண்ணுல ஆத்தாளுக்குக் கால் எரியாதா? அதோ மூலைல நல்ல மண்ணு போட்டுக் கீறேன், அங்க குந்த வைங்க" என்றார். பெண்கள் கூடிப் பேசிச் சம்மதித்தார்கள், ஒரு நிபந்தனையோடு. வருஷா வருஷம் அவர்தான் கூழ் ஊற்ற வேண்டும். கறுப்பு மண் போக வேண்டிய இடத்துக்குப் போனது. ஆடிதோறும் அவர் வேட்டி கட்டிக்கொண்டு வந்து கூழ் ஊற்றினார். என் கடிதத்தை மேனேஜர் இன்றுவரை படிக்கவில்லை.

காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு அந்தப் பெண்களும் வந்திருந்தார்கள். மீன்காரம்மா அழுதபடியே என் கையைப் பிடித்து, "ஆடிக்கு நீதான் வந்து கூழ் ஊத்தணும், சொல்லிட்டேன்" என்றார். எனக்குக் கஞ்சி வைக்கக்கூடத் தெரியாது. சரி என்றேன். அண்ணனின் தங்கை குழியோரம் உட்கார்ந்திருந்தார். அவர் விரல்களெல்லாம் இறால் கீறிய தழும்பு.

குழியை மூடிய பின் இரண்டு கூடை மண் மிஞ்சியது. குழி வெட்டியவர் அதைத் தூக்கிக்கொண்டு மதிலுக்கு அந்தப் பக்கம் கொட்டப் போனார். "அண்ணே, அது யார் வூட்டாண்ட போவுது?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன். அவர் விழித்தார். பிறகு திரும்பி வந்து அண்ணன் மேலேயே கொட்டினார். தங்கை நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அதுவரை அழாதவர், அப்புறம்தான் அழுதார். நானும் அழுதேன். அந்தக் கேள்வி ஒன்றுதான் அண்ணனிடமிருந்து எனக்குக் கிடைத்தது. அதைக் கேட்காமல் இனி எந்த லாரிக்கும் கையெழுத்துப் போட மாட்டேன்.