நாய் குரைத்த ஒலிநாடாக்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் புதுச்சேரியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துணைக்கால் விடுபட்டாலும் என் கண்ணில் பட்டுவிடும். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த வாசகசாலையின் மாடியறையில் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து, பார்வையற்றவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை கேசட்டில் வாசித்துப் பதிவு செய்தோம். பதிந்ததைக் கேட்டுச் சரிபார்ப்பது என் பொறுப்பு. எங்களில் அதிகம் வாசித்தவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். எல்லோரும் அவரை முசியே என்றே கூப்பிட்டோம். தினமும் வருவார், வேகமாக வாசிப்பார். பக்க எண் வந்தால் வாய் தானாகப் பிரெஞ்சில் சொல்லிவிடும். ஜன்னலைச் சாத்தவும் மாட்டார்.

மறுபடி வாசிக்கச் சொல்லி நான் அவருடைய கேசட்டுகளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒன்றில் நாய் குரைத்தது, இன்னொன்றில் ஒரே வரி இரண்டு முறை வந்தது. இந்திய வரலாற்றுப் புத்தகம் ஒன்று முழுதும் வாசித்து முடிந்தும், இரண்டு மாதமாக என் அலமாரியிலேயே கிடந்தது.

அதைப் பதிந்து தரச் சொல்லிக் கேட்டிருந்தவர் ஒரு மில் தொழிலாளி. கண்ணில் நீர் அழுத்தம் ஏறி, முப்பது வயதில் பார்வை போய், வேலையும் போயிற்று. அஞ்சல் வழியில் பி.ஏ. எழுதிக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை பிள்ளைச்சாவடியிலிருந்து பஸ் ஏறி, தனியாக, கோலைத் தட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

"என் புக்கு முடிஞ்சிட்சாம்மா?"

"முடிஞ்சிடுச்சு அண்ணா. தப்பு நிறைய இருக்கு. மறுபடி படிச்சுத் தரோம்."

"என்ன தப்பு?"

சொன்னேன். நாயையும் சொன்னேன்.

"எங்க தெருவுலயும்தான் நாய் கொலைக்குது. அதுக்காக நான் காதப் பொத்திக்கினா இருக்கேன்?" என்றார். குரல் உயரவில்லை. "பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கு. நீங்க சுத்தமா குடுக்கறதுக்குள்ள அது முடிஞ்சிடும். அப்புறம் அந்த கேசட்ட வச்சிக்கினு நான் இன்னாம்மா பண்ணுவேன்?"

கேட்டுப் பார்க்காத நான்கு உட்பட பதினொரு கேசட்டையும் துணிப்பையில் போட்டுக் கொடுத்தேன். அவர் போன பிறகும் மனம் ஆறவில்லை. பிழையோடு ஒரு தாளை அச்சுக்கு அனுப்பிவிட்டது போலிருந்தது.

என் பயம் வீண்போகவில்லை. வரலாற்றுத் தேர்வில் வங்கப் பிரிவினையின் விளைவுகளைக் கேட்டிருந்தார்கள். முசியே அந்த இடத்தில் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டியிருந்தார். விளைவுகள் மொத்தமும் அந்தப் பக்கங்களில் போய்விட்டன. அண்ணா, தான் சொல்லச் சொல்ல எழுதுபவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, சொல்ல ஒன்றுமில்லாமல் இருந்திருக்கிறார். அந்தத் தாளில் தேறவில்லை.

முடிவு வந்த வாரம் நானே பிள்ளைச்சாவடிக்குப் போனேன். வாசலில் வலை உலர்த்தியிருந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு.

"பாதி வாக்கியத்துல வேற எங்கயோ தாவுச்சும்மா," என்றார். "எனக்குத்தான் புரியலன்னு நெனச்சிக்கினேன். நாலஞ்சு தபா திருப்பித் திருப்பிக் கேட்டேன்."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தப்பு எங்களுடையது; குறை தன் மூளையில் என்று அவர் நினைத்திருக்கிறார்.

"நான் கேட்டுப் பார்த்திருந்தா கண்டுபிடிச்சிருப்பேன் அண்ணா. உங்ககிட்ட குடுத்திருக்கக் கூடாது."

"அப்படிச் சொல்லாதீங்க. ஒரு பேப்பர் போச்சு. மறுபடி எழுதிக்கலாம். மத்த பேப்பரெல்லாம் நீங்க முன்ன குடுத்த கேசட்டுல படிச்சதுதான, அதெல்லாம் பாஸாயிட்டனே. அடுத்த வருஷத்து புக்குங்களயும் எடுத்தாந்து வச்சிருக்கேன். எப்ப தருவீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

திரும்பும் பஸ்ஸிலேயே முடிவு செய்தேன். எதை விட்டால் அவருக்கு நஷ்டம், எதை விட்டால் எனக்கு மட்டும் உறுத்தல் என்று பிரித்துப் பார்த்தேன். பக்கம் விடக் கூடாது. வருஷமும் பெயரும் தப்பக் கூடாது. மற்றதெல்லாம் என் உறுத்தல்தான்.

மறுநாள் முசியேவிடம் விடுபட்ட பக்கங்களைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "கேசட்டு இருக்கா? குடு," என்றார். அன்றே அந்த இரண்டு பக்கத்தையும் நிதானமாக வாசித்துக் கொடுத்தார்.

அதன்பின் ஒவ்வொரு பக்கம் தொடங்கும்போதும் எண்ணை உரக்கச் சொன்னோம், வருஷங்களை இருமுறை சொன்னோம். வாசிப்பவருக்கு எதிரில் இன்னொருவர் உட்கார்ந்து, தாள் புரளுவதை மட்டும் கவனித்தார். பிறகு கண்ட பிழைகளைத் தனி கேசட்டில் பக்க எண்ணோடு சொல்லி அனுப்பினோம். புத்தகம் முழுதும் முடியட்டும் என்று காத்திருக்கவில்லை. ஒரு பாடம் முடிந்தால் அன்றே அந்த கேசட் பிள்ளைச்சாவடி பஸ் ஏறியது. முசியே மட்டும் எண்ணைக் கடைசிவரை பிரெஞ்சில்தான் சொன்னார். "இருபத்தி மூணுக்கு வேந்த்ருவாவாமே," என்று அண்ணா ஒருநாள் எனக்கே சொல்லிக் கொடுத்தார்.

அடுத்த தடவை வரலாற்றில் தேறினார். பட்டமும் வாங்கினார். அவர் கேட்டு முடித்த கேசட்டுகள் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் போயின. பிறகு கடலூரிலிருந்து ஒரு பெண் பொருளாதாரப் புத்தகம் கேட்டு, யாரையோ வைத்துக் கடிதம் எழுதியிருந்தாள். பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை. கட்டம் கட்டமாக இருப்பதைக் காதுக்கு எப்படிச் சொல்வது என்று முசியேவும் நானும் மூன்று நாள் சண்டை போட்டோம். நான்காம் நாள் முதல் பாடத்தைப் பதிந்து அனுப்பிவிட்டு, எங்கே புரியவில்லை என்று எழுதச் சொல்லிக் கேட்டோம்.