அம்மா மட்டும் அசைந்த படம்

டில்லி மதராசி கேம்பில் எங்கள் வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்பது உறுதியானதும் அம்மா கேட்டது ஒரே ஒரு போட்டோ. வீட்டுக்குள் அவள் நிற்க வேண்டும், முகம் நன்றாகத் தெரிய வேண்டும், சட்டம் போட்டு மாட்டுகிற அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். என் செல்போனில் எடுப்பதையெல்லாம் அவள் போட்டோ என்றே ஒப்புக்கொள்ள மாட்டாள்.

எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள், போட்டோகிராபர். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். அவள் அப்பாவுக்கு அரசாங்க உத்தியோகம், குவார்ட்டர்ஸ் வீடு. ஆனால் என் அம்மா வைக்கும் மீன்குழம்புக்காக எங்கள் சந்துக்கு அவள் வராத வாரமே கிடையாது. கேட்டதும் காமிராவும் ஸ்டாண்டுமாக வந்துவிட்டாள். அம்மா அன்று வேலை செய்கிற வீடுகளுக்கெல்லாம் லீவு சொல்லி, அண்ணன் கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு, அடுப்புமேடை பக்கம் விறைப்பாக நின்றாள்.

“அப்படி நிக்காதீங்க ஆன்ட்டி. எப்பவும்போல வேலையப் பாருங்க. நடந்துட்டே இருங்க.”

“மூஞ்சி வுழுமா கண்ணு?”

“அதெல்லாம் வந்துடும் ஆன்ட்டி.”

பட்டுப்புடவையோடு அம்மா பாத்திரம் துலக்கினாள், கூட்டினாள், துணி மடித்தாள். “அச்சா, அச்சா” என்று சிநேகிதி எடுத்துக்கொண்டே இருந்தாள். படத்தைக் கேட்டபோது, பெரிதாகப் பிரிண்ட் போட்டுத்தான் காட்டுவேன் என்றாள். அதற்குள் புல்டோசர் வந்துவிட்டது. நாங்கள் டில்லியின் கோடியில், நரேலாவில் ஒதுக்கிய வீட்டுக்குப் போனோம். அங்கே போனதும் அம்மா செய்த முதல் வேலை, அந்தப் படத்துக்காகச் சுவரில் ஆணி அடித்ததுதான்.

சிநேகிதி தன் படங்களை வைத்துக் கண்காட்சி நடத்தியபோது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். சுவர் அகலத்துக்குப் படம். குக்கர், சிலிண்டர், காலண்டர், சுவர் விரிசல் எல்லாம் அவ்வளவு தெளிவு. நடுவில் அம்மா இருக்க வேண்டிய இடத்தில் பச்சையாக ஒரு புகை.

“எங்கடி நானு?” என்றாள் அம்மா.

சிநேகிதி பொறுமையாக விளக்கினாள். ஷட்டரைக் கொஞ்ச நேரம் திறந்தே வைத்தால் நிற்பது பதியுமாம், நகர்வது கரைந்துவிடுமாம். “நான் காலத்தை எடுத்திருக்கேன் ஆன்ட்டி. வீடு நிக்குது, மனுஷங்க போயிட்டே இருக்காங்க.”

எந்த வீடு நிற்கிறது? இடித்துத் தரைமட்டமாக்கியாயிற்று. எங்கேயும் போகாதவள் இதோ எதிரிலேயே நிற்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மொகம் தெரியற மாதிரி ஒண்ணாவது எடுத்தியா?”

“இல்லடி. எனக்கு அது தேவைப்படல.”

நம்ப வைத்துக் கழுத்தறுத்தவளின் குரலில் ஒரு சின்ன உறுத்தல்கூட இல்லை.

அம்மா படத்துக்கு வெகு அருகில் போய், அந்தப் பச்சைக்குள் தன் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்போது ஒருவர் படத்தைத் தன் செல்போனில் எடுக்க வந்தார். “ஆன்ட்டி, ஜரா ஹட்டியே,” தள்ளி நிற்கச் சொன்னார்.

அது யார் வீடு, அந்தப் புகை யார் என்று சொல்வதற்குச் சிநேகிதி பக்கத்திலேயேதான் இருந்தாள். அவள் அம்மாவின் தோளைத் தொட்டு, மெல்ல ஓரமாக நகர்த்தினாள்.